உட்கார ஒரு ஸ்டூல், சட்டத்தில் ஒரு வரி

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். ஊட்டி கமர்ஷியல் ரோட்டுப் பக்கம் ஒரு சாக்லேட், தைலக் கடையில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். நாங்கள் ஆறு பெண்கள். காலை ஒன்பதுக்கு நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. சீசனில் பத்தரை ஆகிவிடும். போன வருடம் இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். ஆனால் உட்கார்ந்தால் முதலாளி கேமராவில் பார்த்துவிட்டுப் போன் போடுவார். கடையில் பாத்ரூம் கிடையாது, பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கடை சாத்தும்போது சூப்பர்வைசர் அண்ணன் எங்கள் பையையும் ஸ்வெட்டர் பாக்கெட்டையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார். உட்காரும் உரிமைக்குத் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் எங்களுக்கு ஏன் இந்த நிலை? வேறு சட்டம் வேண்டும் என்றால் எங்களைப் போன்றவர்கள் யாரிடம் கேட்பது? கேட்டால் காதில் வாங்குவார்களா? பெயர் போட வேண்டாம்.
- ஒரு வாசகி, உதகமண்டலம்

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

போகிற போக்கில் நீங்கள் கடைசியாகச் சொன்னதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஆண் தினமும் உங்கள் ஸ்வெட்டர் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறார். இதை நிறுத்தப் புதுச் சட்டம் எதுவும் வர வேண்டியதில்லை. கொலை வழக்கில் கைதான பெண்ணாக இருந்தாலும் அவளை இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்று போலீசுக்கே சட்டம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. போலீசுக்கு இல்லாத அதிகாரம் கடை சூப்பர்வைசருக்கு எங்கிருந்து வந்தது?

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்காது. அப்படிப்பட்ட இடங்களுக்காகவே மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் சமூக நலத் துறையில் விசாரியுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். உங்களுக்குத் தினமும் நடக்கிறது, நேற்று நடந்ததையே எழுதலாம்.

அவரை ‘அண்ணன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதராகவே இருக்கலாம், முதலாளி சொன்னதைச் செய்பவராக இருக்கலாம். அதனால் அவர் செய்வது சரியாகிவிடாது. நாளைக்குக் கடை சாத்தும்போது ஆறு பேரும் ஒன்றாக நின்று, “பையைத் திறந்து காட்டுறோம் அண்ணா, மேல கை வைக்காதீங்க” என்று சொல்லுங்கள். ஒருத்தியாகச் சொன்னால் அது வாய்த்துடுக்கு ஆகிவிடும். ஆறு பேராகச் சொன்னால் அவரே முதலாளியிடம் போய்ப் பேசுவார். அதற்கும் நிற்காவிட்டால் குழுவுக்குப் போகலாம்.

இனி ஸ்டூலுக்கு வருகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். தமிழ்நாட்டில் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 1947இலேயே போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் வாங்கினால் இரட்டிப்புக் கூலி, நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர ஓய்வு, எல்லாம் அதில் உண்டு. (உங்கள் பன்னிரண்டு மணி நேரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.) அந்தப் பழைய சட்டத்தில் 2021இல் ஒரு திருத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டப்பேரவையில் மசோதா வைக்கப்பட்டது. 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள அது உதவ வேண்டும், வேலை நேரம் முழுக்கக் கால்கடுக்க நிற்கும் நிலை வரக் கூடாது என்பதுதான் அதன் சாரம். இப்படிச் செய்ததில் கேரளத்துக்கு அடுத்த மாநிலம் நாம்தான். ‘அது பெரிய ஜவுளிக்கடைகளுக்குப் போட்ட சட்டம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரிவில் இருப்பது ‘ஒவ்வொரு’, ‘எல்லா’ என்ற சொற்கள்.

அந்தப் பிரிவை உங்கள் கடையில் வைத்துப் பாருங்கள். ஸ்டூல் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்தால் முதலாளி அதைக் காட்டிவிடுவார். உட்கார்ந்தால் போன் வருகிறதே, அதைத் தடுக்க அந்த வாசகத்தில் நேரடியாக ஒரு சொல் இல்லை. உட்காருவதற்குத்தானே இருக்கை, உட்கார விடாமல் செய்வது சட்டத்தையே மீறுவது என்று நான் கோர்ட்டில் வாதாடுவேன், நியாயமான நீதிபதி ஒப்புக்கொள்வார். ஆனால் ஆறாயிரமோ எட்டாயிரமோ சம்பளம் வாங்கும் பெண் அந்த வாதத்துக்காக எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடப்பாள்? வாதாடிப் பெற வேண்டியதை வாசித்தாலே தெரிகிற மாதிரி எழுதிவிட்டால் வழக்கே வேண்டாம். சட்டத் திருத்தம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

என் அம்மா குன்னூரில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடம் நின்றவர். சிமெண்ட் தரையின் குளிர் செருப்பைத் தாண்டி ஏறும் என்பதால் சரக்கு வந்த அட்டைப் பெட்டியை விரித்து அதன் மேல் நிற்பார். ஆடி மாத மழையில் அந்த அட்டையும் நமுத்துப்போய்விடும், மறுநாள் வேறு அட்டை. முதலாளி சாப்பிடப் போகும் அரை மணி நேரம், கவுண்டருக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் ஒவ்வொருத்தராக ஐந்து நிமிடம் உட்காருவார்கள். வாசலைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி நிற்பாள். ராத்திரி வீட்டில் வெந்நீர் பேசினில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு அம்மா அப்படியே தூங்கிப்போவார். முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சைக் கயிறு மாதிரி சுருண்டிருக்கும். “நின்னா என்ன, நிக்கிற வேலைதானே” என்பார். 22-அ வந்த செய்தியைப் படித்தபோது அம்மா இல்லை. போன மாதம் கமர்ஷியல் ரோட்டில் ஒரு கடைக்குள் போனேன். கவுண்டருக்குப் பின்னால் அதே விரித்த அட்டை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

யாரிடம் கேட்பது என்பது உங்கள் கேள்வி. எதைக் கேட்பது என்பதை அதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள். “எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், உரிமை வேண்டும்” என்று மனு கொடுத்தால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும். அதோடு முடிந்தது. “இந்தச் சட்டத்தில், இந்தப் பிரிவுக்குப் பிறகு, இந்த வரியைச் சேர்க்க வேண்டும்” என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ யாராவது பதில் சொல்லியாக வேண்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் சொல்ல வேண்டும். இருபத்து மூன்று வருட வக்கீல் தொழிலில் நான் கற்றதில் உருப்படியானது இதுதான்.

உங்களுக்காக இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். முதல் வரி: ‘வாடிக்கையாளரைக் கவனிக்காத நேரத்தில் இருக்கையில் அமர்ந்ததற்காக எந்தப் பணியாளரையும் கண்டிக்கவோ, ஊதியத்தைப் பிடிக்கவோ, பணியிலிருந்து நீக்கவோ கூடாது.’ இதில் ‘வாடிக்கையாளரைக் கவனிக்காத நேரத்தில்’ என்பதை நான் வேண்டுமென்றே போட்டேன். அது இல்லாவிட்டால், ‘ஆள் வந்து நிற்கும்போது அந்தப் பொண்ணு எழுந்திருக்கவே மாட்டாள்’ என்று வணிகர் சங்கம் முதல் நாளே எதிர்க்கும். எதிராளி சொல்லப்போவதை முன்கூட்டி யோசித்து வரிக்குள்ளேயே பதில் வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது வரி கழிப்பறைக்கு. அதில் மலையின் நிலைமையைச் சேர்க்காவிட்டால் நமக்குப் பயன்படாது. பத்துக்குப் பத்து அடிக் கடை, பின்னால் சரிவு, கீழே இன்னொருவர் கூரை. அங்கே கழிப்பறை கட்டு என்றால் கடைக்காரர் எங்கே கட்டுவார்? ஆகவே: ‘பணியாளர்கள் வேலை நேரத்தில் பயன்படுத்தத் தூய்மையான கழிப்பறை வசதியை உரிமையாளர் தம் கடையிலோ, மற்ற உரிமையாளர்களோடு சேர்ந்து அருகிலோ செய்து தர வேண்டும், அங்கே போய்வரும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும், அதற்கான கட்டணத்தைப் பணியாளரிடம் வாங்கக் கூடாது.’ போய்வரும் நேரத்தைப் பற்றிய பகுதியை மட்டும் யார் பேரம் பேசினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குத் தூரம் பாதிக் காரணம்தான். பத்து நிமிடம் காணாமல் போனால் ஏச்சு விழும் என்ற பயம் மீதிப் பாதி. இந்தக் குளிரில் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு நிற்பது சிறுநீரகத்துக்கு எவ்வளவு கெடுதல் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

கழிப்பறை பற்றி ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா என்றால், ஓர் அரசாணையில் இருக்கிறது. 2019இல் கடைகள் வருடம் முழுக்க இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது. அதில் ஓய்வறை, கழிவறை, பொருள் வைக்கப் பாதுகாப்புப் பெட்டி தர வேண்டும், இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்குவதென்றால் எழுத்தில் சம்மதம் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. நல்ல நிபந்தனைகள்தான். ஆனால் அந்த ஆணை பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் கடைகளுக்கு. நீங்கள் ஆறு பேர். அதோடு அது மூன்று வருடத்துக்கு என்று போடப்பட்டு, பிறகு நீட்டிக்கப்பட்டு வருகிற ஆணை. நீட்டிக்காமல் விட்டால் நிபந்தனையும் போய்விடும். சட்டத்தில் ஏறியதை நீக்க வேண்டுமானால் சட்டப்பேரவையில் எழுந்து நின்று, ஊரறியச் சொல்லி நீக்க வேண்டும். நான் ஆணையை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பிடிக்கச் சொல்வது அதனால்தான்.

கேட்டால் காதில் வாங்குவார்களா என்றீர்கள். நமக்கு மிகத் தொலைவில் இல்லாத ஊரின் கதையையே சொல்கிறேன். கூடலூர் வழியாக மலை இறங்கினால் போய்ச் சேரும் கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே ஜவுளிக்கடையில் நின்ற பெண்களுக்கும் கழிப்பறை கிடையாது, தண்ணீர் குடிக்காதே என்பதுதான் அவர்களுக்கும் கிடைத்த அறிவுரை. தையல் வேலை பார்த்த பி.விஜி என்ற பெண்மணியும் தோழிகளும் ‘பெண்கூட்டு’ என்று சேர்ந்தார்கள். கழிப்பறையில் ஆரம்பித்தவர்கள் உட்காருவதற்கு வந்தார்கள். வருடக்கணக்கில் விடவில்லை. 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருடத்தில் அது இங்கே வந்தது. அவர்கள் எல்லாரும் உங்களைப் போலக் கடையில் நின்ற பெண்கள்தான்.

இப்போது எங்கே போவது என்று சொல்கிறேன். நம் மாவட்டத்துக்கு உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று எம்.எல்.ஏ.க்கள். உங்கள் தொகுதிக்காரரைப் பார்க்கும்போது இரண்டு பக்கத்துக்கு மேல் தாள் கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் உங்கள் நிலைமை, இன்னொரு பக்கத்தில் அந்த இரண்டு வரி. எம்.எல்.ஏ. தனியாக மசோதா கொண்டு வரலாம்தான், ஆனால் தனி உறுப்பினர் மசோதா நிறைவேறுவது அபூர்வம், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையின் ஒப்புதல் கேட்கும் விவாதம், நடக்கும். தொழிலாளர் நலத் துறைக்கு ஒரு நாள் வரும். அன்று நம் எம்.எல்.ஏ. எழுந்து ‘22-அவில் இந்த வரியைச் சேர்க்க அரசு முன்வருமா’ என்று கேட்டால் போதும், அமைச்சர் அவைக்குறிப்பில் ஏறும்படி பதில் சொல்ல வேண்டியிருக்கும். செய்வோம் என்று அமைச்சர் சொல்லிவிட்டால், அதைச் செய்தார்களா என்று பார்ப்பதற்கே சட்டப்பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. பலருக்கு இது தெரியாது.

பேரவைக்கு மனுக்கள் குழு என்றும் ஒன்று இருக்கிறது. அது மாவட்டம் மாவட்டமாக வருகிறது. வருமுன் மனு கொடுக்கச் சொல்லிக் கலெக்டர் அலுவலகம் பத்திரிகைச் செய்தி கொடுக்கும், அதைக் கண்ணில் வைத்திருங்கள். கோர்ட்டில் இருக்கும் விஷயத்தை அந்தக் குழு எடுத்துக்கொள்ளாது. எனவே வழக்குப் போடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு போடுங்கள். 22-அ வந்த நாளிலிருந்து நீலகிரி மாவட்டத்தில் எத்தனை கடைகளை ஆய்வு செய்தீர்கள், எத்தனை கடையில் இருக்கை இல்லை என்று கண்டீர்கள், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற மூன்று கேள்வி. கட்டணம் பத்து ரூபாய், கோர்ட் ஸ்டாம்பாகவே ஒட்டலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிலில் என்ன எண் வந்தாலும் எம்.எல்.ஏ. கையில் கொடுக்கும் தாளில் அதுதான் முதல் வரி. இந்தத் தகவல் உரிமையும் தமிழ்நாடு 1997லேயே தனக்கென்று சட்டம் போட்டுக்கொண்டதுதான். மத்தியச் சட்டம் வந்தது 2005இல். மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்பதை நம் மாநிலம் 1989இல் எழுதியது, டெல்லி எழுதியது அதுவும் 2005இல்தான். மாநிலச் சட்டம்தானே என்று சின்னதாக நினைக்காதீர்கள்.

எவ்வளவு காலம் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தது 1927இல். முழுச் சட்டம் வந்தது 1947இல், உங்கள் கடைகள் சட்டம் வந்த அதே வருடம். இருபது வருடம் ஆனது. இன்னொரு பக்கம் 2023ஐப் பாருங்கள். தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா ஏப்ரல் 21ஆம் தேதி பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. 24ஆம் தேதி நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள். சங்கமாகத் திரண்டிருந்தவர்கள் கேட்டதால் பத்து நாளில் முடிந்தது.

சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நீங்கள் ஆறு பேர். பக்கத்து வர்க்கிக் கடையிலோ எதிர் ஸ்வெட்டர் கடையிலோ நிற்கும் ஒரு பெண்ணிடம் பேசுங்கள். அவளும் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடித்திருக்க மாட்டாள்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெயர் வேண்டாம் என்று எழுதியதிலேயே அது தெரிகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது என்று அதே கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நீங்கள் அங்கே நான்கு வருடமாக வேலை பார்க்கிறீர்கள் என்பதற்கு ஒரு காகிதமாவது வேண்டும். சம்பளம் வங்கியில் வருகிறதா, கையில் கொடுக்கிறார்களா? கையில் என்றால் இன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, கடை திறந்த நேரம், சாத்திய நேரம், எத்தனை முறை உட்கார்ந்தீர்கள், போன் வந்ததா, எத்தனை முறை வெளியே போக முடிந்தது, அவ்வளவுதான். ஆறு பேரும் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் எழுத வேண்டாம். கடைக்குள் வைக்காதீர்கள், பையில் எடுத்துப் போகாதீர்கள், வீட்டில் இருக்கட்டும்.

வக்கீலுக்குக் காசு பற்றிக் கவலைப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்கள் எல்லாருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் போதும். இரண்டாவது சீசனுக்கு முன்னால் கூட்டம் குறையும்போது, உங்களுக்கு வாராந்தர விடுமுறை கிடைக்கும் ஒரு நாளில் அங்கே வாருங்கள். ஆறு நோட்டுகளையும், முடிந்தால் அந்த ஏழாவது பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மனுவை உட்கார்ந்து எழுதுவோம்.